மெடல் அவங்க கழுத்துல... மைக் மட்டும் ஏன் கோச் கையில? அறிவுசார் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு மேடைப்பேச்சுப் பயிற்சி ஏன் தேவை?

2023 ஜூன் மாதம் ஜெர்மனியின் பெர்லினில் நடந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலக கோடைக்கால விளையாட்டில் இந்தியா 202 பதக்கங்களை அள்ளியது. 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம். அதற்கு முன்பு 2019-ல் அபுதாபியில் 368 பதக்கம். 2025 மார்ச்சில் இத்தாலியின் டூரினில் நடந்த குளிர்கால விளையாட்டில் 33 பதக்கம்.

எண்ணிக்கை பெரிசுதான். ஆனால் மெடலோடு ஊர் திரும்பும் இந்த வீரர்களுக்கு நடக்கும் வரவேற்புகளைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். மாலை வீரருக்கு. மைக் கோச்சுக்கு. அடுத்த கேள்வி அம்மாவுக்கு. கடைசியில் வீரரிடம் "ஹேப்பியா?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர் தலையாட்டினால் பேட்டி முடிஞ்சது.

ஓடியவர் ஒருத்தர், பேசுவது இன்னொருத்தர். இதை மாற்றத்தான் அறிவுசார் மாற்றுத்திறனாளி வீரர்களையே மேடைப் பேச்சாளர்களாக்கும் பயிற்சி உலக அளவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அது எப்படி நடக்கிறது? கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இது இப்போ ஏன் அவசரமாகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல... யார் இவர்கள்?

அறிவுசார் குறைபாடு என்பது மனநோய் இல்லை. புரிந்துகொள்வது, கற்றுக்கொள்வது, கணக்குப் பார்ப்பது, அன்றாட வேலைகளைத் தானே சமாளிப்பது போன்றவற்றில் சின்ன வயதிலிருந்தே இருக்கும் சிரமம் இது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இது ஓரளவு இருக்கும். சிலருக்குக் காரணமே தெரியாது. முன்பு அரசு ஆவணங்களில் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று எழுதினார்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தப் பழைய பெயரைக் கைவிட்டு, தான் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக 'அறிவுசார் குறைபாடு' என்பதைச் சேர்த்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்தப் பிரிவில் பதிவானவர்கள் 1,00,847 பேர். இந்தியா முழுக்க சுமார் 15 லட்சம் பேர்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேற, பாராலிம்பிக்ஸ் வேற

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

பாராலிம்பிக்ஸ் என்பது உச்சகட்டப் போட்டி. தகுதி நேரம், தரவரிசை எல்லாம் உண்டு. உடல், பார்வைக் குறைபாடுகளுடன் அறிவுசார் குறைபாட்டுக்கும் அங்கே சில பிரிவுகள் மட்டும் இருக்கு. தெலங்கானாவின் தீப்தி ஜீவான்ஜி 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் பெண்கள் 400 மீட்டர் டி20 பிரிவில் வெண்கலம் வென்றது அப்படி ஒரு பிரிவில்தான். சின்ன வயதில் ஊரில் கேலிக்கு ஆளானவர் அவர்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முழுக்க முழுக்க அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிய இந்த அமைப்பின் முதல் போட்டி 1968 ஜூலை 20-ல் சிகாகோவில் நடந்தது. 8 வயது முதல் போட்டியிடலாம், உச்ச வயது வரம்பு கிடையாது. ஏறக்குறைய ஒரே திறன் உள்ளவர்களைத் தனித்தனிக் குழுவாகப் பிரித்துப் போட்டி நடத்துவார்கள். பதக்க எண்ணிக்கை பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு இதை நடத்துகிறது. இதை மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய விளையாட்டுச் சம்மேளனமாக அங்கீகரித்திருக்கு.

கிரவுண்டிலிருந்து மேடைக்கு வந்தது எப்படி?

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்புக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. வீரர்களுக்காகத்தானே இந்த இயக்கம்? அப்படின்னா அதைப் பற்றி வெளியே பேசுவதும், உள்ளே முடிவெடுப்பதும் ஏன் எப்போதும் மற்றவர்களாகவே இருக்கணும்?

அதற்குக் கிடைத்த பதில்தான் தடகள வீரர் தலைமைத்துவத் திட்டம். அதில் ஒரு முக்கியமான பகுதி 'குளோபல் மெசஞ்சர்' பயிற்சி. யூனிஸின் கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவர் பெயரில், உலகின் பல மண்டலங்களிலிருந்தும் வீரர்களைத் தேர்ந்தெடுத்து சர்வதேசத் தூதர்களாக்குகிறார்கள். மேடையில் பேசுவது, பேட்டி கொடுப்பது, அமைச்சர்களையும் நிறுவனத் தலைவர்களையும் சந்தித்துக் கோரிக்கை வைப்பது இவர்கள் வேலை.

இந்த வழியில் வந்தவர்களில் உலகம் நன்றாக அறிந்த ஒருவர் அமெரிக்காவின் லொரெட்டா கிளெய்போர்ன். 4 வயது வரை நடக்கவோ பேசவோ முடியாத குழந்தை. பிறகு மாரத்தான் ஓட்டக்காரர். 1996-ல் விளையாட்டு உலகின் ஆர்தர் ஆஷ் துணிவு விருதை வாங்கினார். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் சர்வதேச இயக்குநர் குழுவில் உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்துக்கும் வந்தார்.

இன்னொருவர் ஜான் பிராங்க்ளின் ஸ்டீபன்ஸ். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், வர்ஜீனியா மாகாணத்தின் குளோபல் மெசஞ்சர். 2012-ல் அமெரிக்காவின் பிரபல அரசியல் விமர்சகர் ஒருவர், அறிவுசார் குறைபாட்டைக் குறிக்கும் பழைய சொல்லை அதிபரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தினார். அதற்கு ஸ்டீபன்ஸ் எழுதிய திறந்த மடல் உலகம் முழுக்கப் பரவியது. அதில் வசை இல்லை. பதிலுக்கு நட்புக்கரம் நீட்டியிருந்தார். 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் அளித்த அவர், டவுன் சிண்ட்ரோம் ஆராய்ச்சிக்கு நிதி வேண்டும் என்றார். தன்னைப் போன்றவர்களின் வாழ்க்கையும் வாழத் தகுந்ததுதான் என்று அவர் சொன்ன வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

இதே பேச்சை ஒரு டாக்டரோ அம்மாவோ பேசியிருந்தால் அது பரிந்துரை. அவரே பேசியதால் அது சாட்சியம் ஆனது.

பயிற்சி எப்படி நடக்கும்?

மேடைப்பேச்சு என்றாலே நம்ம ஊரில் பட்டிமன்ற நடைதான் ஞாபகம் வரும். அடுக்குமொழி, மேற்கோள், ஏற்ற இறக்கம். இந்தப் பயிற்சி அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

1. தலைப்பு அவருடையது: எதைப் பற்றிப் பேசணும் என்பதை வீரர்தான் சொல்லணும். உடன் இருக்கும் வழிகாட்டி கேள்வி மட்டும் கேட்பார். "காலைல எந்திரிச்சதும் என்ன செய்வீங்க?", "எது பிடிக்கும்?", "எப்போ கோபம் வரும்?" பதில்களிலிருந்துதான் பேச்சு உருவாகும்.

2. சின்ன வாக்கியம்: ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். சில நிமிடம் போதும். அரை மணி நேர உரை யாருக்கும் தேவையில்லை.

3. படம் போட்ட அட்டை: படிக்கத் தெரியாதவருக்கு எழுத்துக்குப் பதில் போட்டோ. ஷூ படம் வந்தால் பயிற்சி பற்றி, பஸ் படம் வந்தால் பயணம் பற்றி. அட்டையின் வரிசைதான் பேச்சின் வரிசை.

4. கூட்டத்தைப் படிப்படியாகக் கூட்டுவது: முதலில் வழிகாட்டி ஒருவர் முன்பு. அப்புறம் குடும்பம். அப்புறம் வகுப்பு. அதன்பிறகே வெளி மேடை. மைக்கில் தன் குரலைக் கேட்டு மிரளாமல் இருக்கவும் தனிப் பழக்கம் தேவை.

5. கேள்வி நேரம்: மனப்பாடம் செய்த பேச்சு முடிந்ததும் கேள்வி வரும். "எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க", "இதுக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்ல" என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது பயிற்சியின் முக்கியமான கட்டம்.

வித்தியாசம் புரிய ஒரு கற்பனை உதாரணம். ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சு என்றால் இப்படித்தான் இருக்கும்: "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, விடாமுயற்சி இருந்தால் விண்ணையும் தொடலாம்..."

வீரரிடமே கேட்டு உருவாக்கினால் இப்படி வரும்: "நான் 100 மீட்டர் ஓடுவேன். காலைல 5 மணிக்கு எந்திரிப்பேன். அப்பாதான் வண்டில கூட்டிட்டுப் போவார். அப்பாக்கு ஷிப்ட் இருந்தா நான் போக முடியாது. எனக்கு பஸ் நம்பர் படிக்கத் தெரியாது. பஸ்ல படம் போட்டா நான் தனியா போவேன்."

முதல் பேச்சுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். இரண்டாவது பேச்சில் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கையே இருக்கு. டவுன் பஸ்ஸில் வண்ணமும் படமும் இருந்தால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கும் அது உதவும்.

கொங்கு மண்டலத்தில் இது ஏன் இப்போ?

காரணம் ஒரு சட்டத்திருத்தம்.

2025 ஏப்ரல் 16-ல் தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இரண்டு மசோதாக்களைத் தாக்கல் செய்தார். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்பவை இவை. அரசு சொன்ன கணக்குப்படி:

- நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 650 பேர்
- கிராம ஊராட்சிகளில் 12,913 பேர்
- ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர்
- மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர்

மொத்தம் ஏறக்குறைய 14,000 இடங்கள். தேர்தலில் நின்று செலவு செய்து ஜெயிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய கதவு.

ஆனால் இந்த நியமன உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் கலந்துகொண்டு பேசும் உரிமை உண்டு, தீர்மானத்தில் வாக்களிக்கும் உரிமை கிடையாது. அதாவது இந்தப் பதவியின் ஒரே ஆயுதம் பேச்சு.

இங்கேதான் சிக்கல் வருது. பேச்சுதான் தகுதி என்றால், ஏற்கெனவே நன்றாகப் பேசும், சங்கங்களில் பழக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளே தேர்வாகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும் இந்த இடம் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர் அந்த நாற்காலியில் உட்காரணும்னா, அவருக்கு இப்போதிருந்தே பயிற்சி தேவை. இல்லையென்றால் "அவங்களால பேச முடியாது" என்று சொல்லியே பட்டியலிலிருந்து விலக்கிவிடலாம். பயிற்சியே கொடுக்காமல், பேச வராது என்று முடிவு கட்டுவது எந்த வகையில் நியாயம்?

நியமனம் இல்லாமலே ஒரு மேடை இருக்கு

உள்ளாட்சிப் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் கிராம சபை எல்லோருக்கும் உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர்.

"அவங்களுக்கு ஓட்டே கிடையாதே?" என்று சிலர் கேட்பார்கள். அது தவறான தகவல். 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தகுதிவாய்ந்த நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே ஒருவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் யாருடைய ஓட்டும் பறிபோகாது.

அப்படின்னா 18 வயது நிரம்பி, பட்டியலில் பெயர் உள்ள ஒரு அறிவுசார் மாற்றுத்திறனாளி இன்றைக்கே கிராம சபையில் எழுந்து பேசலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

'ங்க' யாருக்கு?

கொங்குத் தமிழின் அடையாளமே அந்த 'ங்க'தான். அஞ்சு வயசுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு", "சாப்டீங்களா சாமி" என்று கூப்பிடும் ஊர் இது. அதே ஊரில் அறிவுசார் குறைபாடு உள்ள 30 வயது ஆளைப் பல இடங்களில் "தம்பி இங்க வாடா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் "இவனுக்கு என்ன பண்ணுது?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். துணிக்கடையில் "பாப்பாக்கு எந்தக் கலர்?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். 'பாப்பா'வுக்கு 28 வயசு இருக்கும்.

இதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் யாரும் நேரடியாகக் கேள்வி கேட்காமலே வளர்ந்த ஒருவருக்குப் பதில் சொல்லும் பழக்கம் எப்படி வரும்? அவர் பேசாமல் இருப்பதற்குக் குறைபாடு பாதிக் காரணம் என்றால், கேட்காமல் விட்ட நாம் மீதிப் பாதி.

கோவையில் என்ன இருக்கு?

அடித்தளம் ஏற்கெனவே இருக்கு. அம்ரித் சிறப்புத் தேவை மையம், வித்யா விகாசினி, சின்னவேடம்பட்டியில் கௌமாரம் பிரசாந்தி அகாடமி எனப் பல சிறப்புப் பள்ளிகள் கோவையில் இயங்குகின்றன. பெரியநாயக்கன்பாளையத்தில் உள்ள ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்திலும், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் உருவாகிறார்கள். முதலமைச்சர் கோப்பை போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு.

கேட்கும் காதுகளுக்கும் பஞ்சம் இல்லை. ஆண்டுதோறும் ஈரோடு புத்தகத் திருவிழாவில் பேச்சு கேட்கவே கூட்டம் வரும். ரோட்டரி, லயன்ஸ் கூட்டங்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள், தொழிற்சாலைகளின் பாதுகாப்பு வாரம் என மேடைக்கு இங்கே குறைவே இல்லை.

விளையாட்டு நாளில் ஓட்டம் முடிந்ததும் பரிசு கொடுக்கும் சிறப்பு விருந்தினர் பேசுகிறார். பரிசு வாங்கியவர் இரண்டு நிமிடம் பேச நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்குவதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவைப்படாது. ஆரம்பம் அங்கிருந்தே இருக்கலாம்.

பேச்சு இங்கே பாதுகாப்பும்கூட

இந்தப் பயிற்சியின் பயன் மேடையோடு முடிவதில்லை. "வேண்டாம்", "வலிக்குது", "அவர் என்னைத் தொட்டார்" என்று சொல்லத் தெரிவதும் இதே திறமைதான். எப்போதும் கீழ்ப்படிந்து பழக்கப்பட்டவரை ஏமாற்றுவதும் துன்புறுத்துவதும் சுலபம். அவர் வெளியே சொல்ல மாட்டார் என்பதுதான் குற்றவாளியின் தைரியம்.

சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கு. போக்சோ சட்டப்படி, குறைபாடு உள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்புக் கல்வி ஆசிரியரின் உதவியைப் பெறலாம். 2016 சட்டத்தின் 12-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் சாட்சி சொல்ல வசதி செய்யணும் என்கிறது. பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் நடந்ததைச் சொல்லத் தெரிந்தால்தான் இந்தப் பிரிவுகளுக்கு உயிர்.

"இதெல்லாம் வெறும் ஷோ ஆகிடாதா?"

நியாயமான கேள்வி. ஆபத்து இருக்கு.

ஒன்று, மனப்பாடம் செய்ய வைத்து மேடையேற்றி, கண்கலங்கிக் கைத்தட்டி அனுப்பிவிடுவது. நன்கொடை திரட்டும் விழாக்களில் இது எளிதாக நடந்துவிடும். அவர் பேசிய பிறகு ஏதாவது மாறியதா, அவர் கேட்டதற்கு யாராவது பதில் சொன்னார்களா என்பதே இதற்கான உரைகல்.

இரண்டு, நன்றாகப் பேசுபவரை மட்டும் திரும்பத் திரும்ப மேடையேற்றி, மற்றவர்களை மறந்துவிடுவது. வாய்ப்பேச்சு சுத்தமாக வராதவர்களும் இந்தப் பிரிவில் உண்டு. படம், சைகை, குரல் கொடுக்கும் செயலி மூலம் அவர்களும் கருத்துச் சொல்ல முடியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கை, கருத்துச் சொல்லும் முறையைத் தேர்ந்தெடுப்பதையும் அவரவர் உரிமையாகவே பார்க்கிறது.

மூன்று, சம்மதம். எல்லா வீரருக்கும் மேடை பிடிக்கணும்னு அவசியம் இல்லை. "எனக்கு ஓட மட்டும்தான் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால், அதை மதிப்பதும் இந்தப் பயிற்சியின் வெற்றிதான்.

2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்தரிப்பது பற்றிய நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் ஒரு கொள்கையை நினைவூட்டியது. மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எந்த முடிவெடுத்தாலும் அவர்கள் அதில் இருக்கணும் என்பதே அது. 'லூசு', 'மெண்டல்' என்று சிரிக்க வைத்த சினிமாவுக்கு மட்டும் சொன்ன பாடமாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து என்ன?

அடுத்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலக கோடைக்கால விளையாட்டு 2027-ல் சிலியின் சாண்டியாகோவில் நடக்கிறது. அதற்கு ஓட்டப்பயிற்சி நடக்கும்போதே பேச்சுப் பயிற்சியும் சேர்ந்து நடக்கலாம்.

வீட்டிலும் வெளியிலும் இன்றைக்கே செய்யக்கூடியவை:

- கேள்வியை முதலில் அவரிடமே கேளுங்க. அம்மா, அப்பாவைப் பார்த்துக் கேட்க வேண்டாம்.
- பதிலுக்குக் காத்திருங்க. 10 விநாடி மௌனம் நமக்குத்தான் சங்கடம், அவருக்கு அது யோசிக்கும் நேரம்.
- பாதி வாக்கியத்தில் நீங்களே முடித்து வைக்காதீங்க.
- 18 வயது ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கான்னு பாருங்க.
- வயதுக்கேற்ற மரியாதையோடு கூப்பிடுங்க. அந்த 'ங்க' அவருக்கும் சேர்த்துத்தான்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. உங்க ஊர் கிராம சபையில் ஒருவர் படம் போட்ட அட்டையோடு எழுந்து நின்றால், மைக்கைக் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைங்க. அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் உட்கார்ந்து கேளுங்க.